ஃபிலோ அக்காவின் பக்கம்

உள்ளே வா. ஜன்னலோரக் கட்டில்தான் உனக்கு. அதன்மேல் என் பெட்டி கிடக்கிறதே என்று பார்க்காதே, சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவேன், வார்டனிடம் சொல்லியாகிவிட்டது. தாராபுரம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உட்கார். பெயர் என்ன? ரெனிஷா. மார்த்தாண்டமா, அவ்வளவு தூரத்திலிருந்தா வருகிறாய்? நான் மணிமொழி. நீ என்னைவிடச் சின்னவள் என்று முகத்திலேயே தெரிகிறது, அதனால் நீ என்றே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அலமாரியில் நடுத்தட்டு சாயும், கனமாக எதையும் வைக்காதே. காலையில் இட்லி என்று ஒன்று தருவார்கள், அதைப் பற்றி நான் மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் பலனில்லை. எந்தக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாய்?

பத்தாயமா.

ஒன்றுமில்லை. சிரித்தேனா? அது சிரிப்பில்லை. சரவணம்பட்டியில் தடுக்கி விழுந்தால் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, அதில் நீ போயும் போயும் அங்கேயா சேர வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் நானும் அங்கேதான் இருந்தேன். போன வாரம் வரைக்கும்.

உன்னைப் பற்றி அப்புறம் கேட்கிறேன். முதலில் இந்தப் பேப்பரைப் பார். இன்றைக்கு வந்தது. கீழே சாப்பாட்டு அறையில் நாலு பேர் கைக்குப் போய் சாம்பார் சொட்டியிருக்கிறது, அதை விடு. ‘கோவையிலிருந்து பெங்களூருக்கு: வளர்கிறது பத்தாயம்’. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் கிருபாகரன், கம்பெனியை ஆரம்பித்தவர். அங்கே எல்லாரும் அவரைக் கிருபா என்றுதான் கூப்பிட வேண்டும், சார் என்று சொன்னால் முகம் சுளிப்பார். சமத்துவம். படத்துக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறதே, அதைப் படி. சத்தமாகவே படி.

‘ஒரு மனிதர் எழுந்து போனதால் ஒரு நிறுவனம் தடுமாறக் கூடாது. ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்ததாக வேண்டும் என்கிறார் கிருபாகரன்.’

என்கிறாராம். ரெனிஷா, அது நான் சொன்ன வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன். நான் சொல்லும்போது இவர் ஜன்னலோரமாக நின்று முந்திரிப் பருப்பு தின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு அது அவர் சொன்னதாகப் பேப்பரில் வருகிறது. வேலை போனதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். வாக்கியம் போனதை எப்படிப் பொறுத்துக்கொள்வது, நீயே சொல்.

இரு, முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். கம்பெனி என்ன செய்கிறது என்று இன்டர்வியூவில் சொல்லியிருப்பார்கள். நான் இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். ஒரு மில்லையோ ஆஸ்பத்திரியையோ எடுத்துக்கொள். எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும், எந்த டாக்டரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்த பில் யாரிடம் போக வேண்டும், எல்லாம் யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் லீவு போட்டால் மற்றவர்கள் முழிப்பார்கள். அதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் போட்டுவைத்தால், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பிருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். விக்கி என்பார்கள். அதைச் செய்துகொடுப்பதுதான் பத்தாயம். நெல் கொட்டி வைக்கிற பத்தாயம் மாதிரி, தெரிந்ததைக் கொட்டி வைக்கிற பத்தாயம். கிருபா தன் வாழ்க்கையில் பத்தாயத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பணக்காரர்கள் இருக்கிற ரேஸ்கோர்ஸில் வளர்ந்தவர்.

நல்ல யோசனைதானே? நான் இன்றைக்கும் சொல்வேன், நல்ல யோசனை. நான் எம்.ஏ. சமூகவியல். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பேச்சுப்போட்டிக் கோப்பை என் அறையில்தான் இருந்தது. அறிவு யாருக்கும் சொந்தமில்லை என்று மேடை மேடையாகப் பேசியவளுக்கு அதையே வேலையாகக் கொடுத்தால் வேண்டாம் என்பாளா?

அங்கே ஒரு வழக்கம் உண்டு, திங்கட்கிழமை போனதும் உனக்கே தெரிந்துவிடும். யாரும் யாரிடமும் வாயால் கேட்கக் கூடாது. நீ பக்கத்து மேஜைக்காரியிடம் ‘இதை எப்படிங்க செய்யறது?’ என்று கேட்டாய் என்று வை. அவள் பதில் சொல்ல மாட்டாள். ‘பக்கம் இருக்கா?’ என்று கேட்பாள். இருந்தால் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், தெரிந்தவர் உட்கார்ந்து எழுத வேண்டும். காபி மெஷினுக்குப் பக்கம் உண்டு. கக்கூஸ் ஃபிளஷுக்குப் பக்கம் உண்டு, படத்தோடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர். சந்தேகம் வந்தால் அவருக்குக் கேள்வி போகும். மூன்று மாதம் ஒரு கேள்விகூட வரவில்லையென்றால் பக்கம் முழுமையாகிவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் ஒரு பச்சைக்கோடு விழும், பொறுப்பாளர் பெயர் தானாக உதிர்ந்துவிடும். அதற்கு ஒரு கேக் வெட்டுவார்கள். தன் பெயர் உதிர்ந்ததற்குக் கைதட்டி கேக் தின்கிற ஒரே கூட்டம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

இதில் என் வேலை, எழுத வராதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது. எழுத மாட்டேன் என்கிறவர்களைப் பேசிச் சம்மதிக்க வைப்பது. இரண்டாவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே ஒருவர்தான் மாட்டேன் என்று நின்றார். ஃபிலோ அக்கா.

ஃபிலோமினா. திண்டுக்கல்காரி. வாடிக்கையாளர் ஃபோன் எல்லாம் அவருக்குத்தான் வரும். பி.காம். படித்துவிட்டு சென்னையில் கால் சென்டரில் பல வருடம் இருந்தவர், இங்கிலீஷில் அவர் திட்டினால் வெள்ளைக்காரனே நோட்ஸ் எடுப்பான். கணவர் விபத்தில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார், அக்கா சம்பளம்தான் குடும்பத்துக்கு. அதைச் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இல்லை. என்னை ‘ஏ பட்டிமன்றம்’ என்றுதான் கூப்பிடுவார். ‘ஏ பட்டிமன்றம், இன்னைக்கு யாரைத் தோக்கடிச்ச?’ நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் கேட்காமலேயே அவர் பாக்ஸிலிருந்து ஒரு கரண்டி வந்து விழும். தலப்பாக்கட்டி பிரியாணி ஊர்க்காரி, ஆனால் வைப்பது எப்போதும் புளிக்குழம்பு.

நாங்கள் அப்படித்தான் இருந்தோம், அதனால்தான் சொல்கிறேன். எனக்கு அக்காமேல் எந்தக் கோபமும் கிடையாது. அவருக்குத்தான் என்மேல்.

அந்தத் திங்கட்கிழமை, கிருபா பொதுவாகக் கேட்டார், “ஃபிலோ அக்கா மட்டும் இன்னும் பக்கம் போடலையே?”

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். “நான் ஃபோன்ல பேசுறவ. அதுல என்னத்த எழுத? ஹலோன்னு ஆரம்பிக்கவா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். எனக்கு இந்த மாதிரிச் சிரிப்பு ஆகாது. வாதத்துக்குப் பதில் இல்லாதபோது ஆட்கள் கையில் எடுப்பது அதைத்தான்.

“அக்கா, நாளைக்கு நீங்க லீவு போட்டா?”

“போட மாட்டேன்.”

“காய்ச்சல் வந்தா?”

“காய்ச்சலோட வருவேன்.”

“செத்துப் போயிட்டா?”

கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாதத்தை அதன் கடைசி வரைக்கும் கொண்டுபோக வேண்டும், பாதியில் நிறுத்தினால் எதிராளி தப்பிவிடுவார். அக்கா அசரவில்லை. “செத்ததுக்கப்புறம் பல்லடத்து மில்லு என்னா ஆனா எனக்கென்னடி?” என்றார். மறுபடியும் சிரிப்பு.

அப்போதுதான் நான் பேசினேன். தெரிந்ததைத் தனக்குள் பூட்டி வைப்பதுகூட ஒரு ஆதிக்கம்தான் என்றேன். இந்த நாட்டில் காலங்காலமாகப் படிப்பைப் பூட்டி வைத்தவர்கள் யார், பூட்டுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று கேட்டேன். பூட்டு சின்னதாக இருந்தாலும் பூட்டு பூட்டுதான் என்றேன். கடைசியில், ஒரு மனிதர் எழுந்து போனதால் ஒரு நிறுவனம் தடுமாறக் கூடாது, ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்ததாக வேண்டும் என்று முடித்தேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அக்கா தன் வீட்டில் முதல் பட்டதாரி, பூட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் அவர் அம்மாவும் நின்றிருப்பார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் ஆளைப் பார்க்கக் கூடாது. ஆளைப் பார்த்தால் அது சிபாரிசு.

கூட்டம் முடிந்ததும் அக்கா என் மேஜைக்கு வந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்தார். “ஜெயிச்சுட்ட, போ. தின்னு.” குரலில் ஒரு கசப்பும் இல்லை, அதை நீ நன்றாகக் கவனித்துக்கொள். சம்மதித்துத்தான் எழுதினார். நான் யாரையும் கழுத்தைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒரு தடவை கேட்டார். கேன்டீனில், டீ குடிக்கும்போது. “எல்லாத்தையும் எழுதிட்டா அப்புறம் நான் எதுக்குடி?”

“நீங்க புதுசா வேற ஏதாவது செய்யலாம்க்கா.”

“எனக்கு நாப்பத்தாறு வயசுடி.”

“வயசு ஒரு வாதமே இல்லக்கா.”

அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டு, “சரிதான். வாதமில்ல,” என்றார். பேச்சு அதோடு முடிந்தது. பார், அதையும் அவர் ஒத்துக்கொண்டார்.

வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன். லேசுப்பட்ட வேலை இல்லை. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனி, அதில் சென்னியப்பன் என்று ஒரு மேனேஜர். மாதம் பிறந்தால் அவர் ஃபோன் வரும். எடுத்ததும், “உங்க சாஃப்ட்வேரைத் தூக்கிக் குப்பையில போடறனா இல்லையா பாருங்க” என்பார். அக்கா, “போடலாங்கண்ணா. சாப்ட்டுட்டுப் போடலாம். சாப்ட்டீங்களா?” என்பார். அப்புறம் மனுஷன் தன் சர்க்கரை வியாதியில் ஆரம்பித்து, மருமகனில் போய் நின்று, கடைசியில் என்ன கோளாறு என்று அடங்கிய குரலில் சொல்வார். அவர் திட்டிக்கொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு வெண்டைக்கா நறுக்குவேன். எழுதிக்க,” என்றார். ஆபீஸுக்கே வெண்டைக்காய் வாங்கி வருவார், வீட்டுக்குப் போனதும் தாளிக்க வசதியாக இருக்குமாம்.

அதையெல்லாம் அப்படியே எழுத முடியுமா? நான் எழுதினேன்: ‘வாடிக்கையாளர் பேசி முடிக்கும் வரை குறுக்கிட வேண்டாம். நலம் விசாரிக்கவும். அதன்பின் கோளாறு குறித்துக் கேட்கவும்.’ எவ்வளவு சுத்தம், பார். யார் படித்தாலும் செய்யலாம்.

அக்கா படித்துப் பார்த்தார். “நீ எழுதினது சரிதான். ஆனா இது நானில்லையே.”

“நீங்களா இருக்கக் கூடாதுக்கா. அதுதான் நோக்கமே.”

சிரித்துவிட்டு, “நல்ல நோக்கம்” என்றார்.

ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அக்காவின் கணவரும் பையன் ஆல்வினும் திண்டுக்கல்லில் பாட்டி வீட்டில் இருந்தார்கள். அவனையும் கணவரையும் இங்கே கூட்டிக்கொண்டு வந்து, பையனைப் பிளஸ் ஒன் சேர்த்துவிடலாமா, வேலை நிலைக்குமா என்று அக்கா கிருபாவிடமே போய்க் கேட்டார். நானும் அப்போது அந்த அறையில் இருந்தேன். கிருபா எழுந்து வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, “தாராளமா கூட்டிட்டு வாங்கக்கா. நீங்க இல்லாம பத்தாயமா?” என்றார். கணபதியில் வீடு பார்த்து, சாமான் இறக்கி, பையனைப் பள்ளியில் சேர்த்தார்கள். நான்தான் பாத்திரம் கட்டிய மூட்டையை மாடிக்குத் தூக்கினேன்.

இப்போது பேப்பரில் இருக்கிற வாக்கியத்தையும் அந்த வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நீங்க இல்லாம பத்தாயமா? ஒரு மனிதர் எழுந்து போனதால் ஒரு நிறுவனம் தடுமாறக் கூடாது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருமா? வராது. ஏனென்றால் இரண்டாவது அவர் வாக்கியமே இல்லை. அதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கும் முன் அக்காவின் பக்கத்தில் பச்சைக்கோடு விழுந்தது. மூன்று மாதம், ஒரு கேள்வி இல்லை. ஏன் வரும்? பக்கத்தைப் படித்துச் செய்ய வேண்டியவர்கள் எல்லாரும் அக்கா முதுகுக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருந்தார்கள், அவர் பேசுவதைக் கேட்டே சமாளித்தார்கள் என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். அது அவர்கள் சோம்பேறித்தனம். கேக் வெட்டினார்கள். அக்கா பெயர் உதிர்ந்தது. ஒன்று சொல்கிறேன் கேள், அப்படி முழுசாக உதிர நான் விடவில்லை. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘மூலம்: ஃபிலோமினா’ என்று போட வேண்டும் என்று சண்டை பிடித்தேன். விதியில் இல்லை என்றார்கள். விதி என்பதே யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு பக்கம்தானே என்று கேட்டேன். போட்டார்கள். அந்த ஆபீஸில் வேறு யாராவது அக்காவுக்காக இதைச் செய்திருப்பார்களா?

அதற்கப்புறம்தான் பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். கம்பெனியில் பணம் போடுகிறவர்கள். கிருபா அவர்களுக்குச் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். எந்தப் பிரிவில் எத்தனை பக்கம் பச்சை என்று. அக்காவின் பிரிவு முழுக்கப் பச்சையாக இருந்தது. அடுத்த வாரம் அக்காவுக்கு ஒரு மெயில் வந்தது. அதில் வேறு எதுவும் இல்லை, ஒரு பக்கத்துக்கான இணைப்பு மட்டும். ‘விடைபெறும் முறை’ என்று ஒரு பக்கம். லேப்டாப்பை யாரிடம் கொடுப்பது, அடையாள அட்டையை எங்கே வைப்பது, எல்லாம் அதில் இருக்கும்.

அந்தப் பக்கமும் நான் எழுதியதுதான். எல்லாப் பக்கமும் நான் எழுதியதுதான், அது என் வேலை. அவர்கள் எழுதச் சொன்னபோது அது வெறும் கட்டளையாக இருந்தது. இப்படியா ஒரு மனிதரை அனுப்புவது என்று கேட்டு, கடைசியில் ஒரு வரி சேர்க்க வைத்தேன். ‘நீங்கள் சென்றாலும் உங்கள் உழைப்பு இங்கேயே இருக்கும்.’ மனசைத் தொடுகிறதா இல்லையா?

அக்கா மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் போய் நின்றேன். வெண்டைக்காய் நறுக்குகிற கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். என்னைப் பார்த்து, சாதாரணமாக, டீ குடிக்கலாமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்: “ஏ மணி, இதை வீட்ல போய் எப்படிச் சொல்றதுன்னு பக்கம் இருக்கா?”

“அக்கா, இது வேற விஷயம். ரெண்டையும் குழப்பக் கூடாது. பக்கம் எழுதறது தப்பில்ல, அதை இவங்க பயன்படுத்தின விதம்தான் தப்பு.”

“ஆமா,” என்றார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பட்டிமன்றம் என்று கூப்பிடவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை, பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ‘பக்கம் எழுதுவது எப்படி’ என்று நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த அத்தனையும் அதில் இருந்தது. பிடிவாதக்காரர்களை எப்படிப் பேசிச் சம்மதிக்க வைப்பது என்பதுகூட. போன வாரம் கிருபா கூப்பிட்டார். “மணி, நம்மகிட்ட இருக்கறதுலயே சுத்தமான பக்கம் உன்னோடதுதான். மூணு மாசமா ஒரு கேள்வி வரல.” எனக்குச் சந்தோஷமாக இருந்தது ரெனிஷா. பொய் சொல்லவில்லை. அவர் அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்கிற வரைக்கும் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

எனக்கும் அதே இணைப்பு வந்தது. திறந்து பார்த்தேன். யாரோ என் வரியில் கை வைத்திருக்கிறார்கள். ‘உழைப்பு’ என்று இருந்ததைப் ‘பங்களிப்பு’ என்று மாற்றியிருக்கிறார்கள். எவ்வளவு செத்த வார்த்தை, பார். போகிற போக்கில் உட்கார்ந்து அதைத் திருத்தினேன். என் பாஸ்வேர்டு மத்தியானம் வரைக்கும் வேலை செய்தது.

சும்மா விடுவேனா? தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதினேன். எட்டுப் பக்கம். அதில் அக்காவின் கதைதான் பலமான வாதம். பையனைக் கூட்டி வரச் சொன்னது, கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் எழுதி, அக்கா கையெழுத்துப் போட இடமும் விட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் இது ஒரு கோபக்காரப் பெண்ணின் புலம்பல். அது இருந்தால் வழக்கு. நான் ஊருக்குப் போகிறதா, இங்கேயே இருந்து போராடுகிறதா என்பதே அந்த ஒரு கையெழுத்தில்தான் இருந்தது. இதோ பெட்டி கட்டியிருக்கிறேன், அதிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கும்.

அக்கா இப்போது காந்திபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறார். நேற்றுப் போனேன். ஃபோனில் யாரிடமோ, “பல்லப் புடுங்கிருவாங்கன்னு பயப்படாதீங்க, முதல்ல பாக்கத்தான் செய்வாங்க, நான் இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“டோக்கன் போட்டியா?”

“அக்கா, நான் வைத்தியத்துக்கு வரல.”

“தெரியும். உன் பல்லுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு.”

மனுவைக் கொடுத்தேன். எட்டுப் பக்கத்தையும் படித்தார். நடுவில் இரண்டு ஃபோன் வந்தது, பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து படித்தார். முடித்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி என்னிடமே நீட்டினார்.

“நல்லா எழுதியிருக்க.”

“கையெழுத்துக்கா?”

“அதுக்கு நான் எதுக்குடி? நான் இல்லாமயே என்னைப் பத்தி எல்லாம் இதுல இருக்கே.”

அவ்வளவுதான். அடுத்த ஃபோனை எடுத்துவிட்டார்.

இதில் என்ன நியாயம் இருக்கிறது? கையெழுத்து இல்லாத மனு செல்லாது, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நல்லா எழுதியிருக்கிறாய் என்றால் எழுதியதை ஏற்றுக்கொள்கிறார் என்றுதானே அர்த்தம். ஏற்றுக்கொண்டால் கையெழுத்துப் போட வேண்டியதுதானே. ராத்திரி பூராவும் யோசித்தேன், எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியவில்லை. கிருபாமேல் வர வேண்டிய கோபம் என்மேல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எஜமானை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கடிப்பது தொழிலாளிகளின் பழைய வியாதி, இதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஊருக்குப் போனதும் உனக்கு அனுப்புகிறேன்.

நானே பேசிக்கொண்டிருக்கிறேன். உன்னை எதற்கு எடுத்திருக்கிறார்கள் என்று கேட்கவே இல்லையே. புரோகிராம் எழுதுகிறவளா?

வாடிக்கையாளர் உதவியா? ஃபோனா?

அப்படியென்றால் அது அக்காவின் நாற்காலி. மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரும் சொல்லவே இல்லையே. ஏன் எடுத்தார்களாம்? சென்னியப்பன் பத்தாயத்தை விட்டுப் போய்விட்டாரா? அவரோடு இன்னும் இரண்டு பேரா. பக்கத்தைப் பார்த்து யாரோ நலம் விசாரித்திருக்கிறார்கள், ‘நான் நலமா இல்லையான்னு உனக்கென்ன’ என்று ஃபோனை வைத்துவிட்டாராமா. பேசியவள் குறுக்கிட்டிருப்பாள். முதல் படியை விட்டிருப்பாள். பக்கத்தில் தப்பிருக்க வாய்ப்பே இல்லை.

திங்கட்கிழமை நீ சென்னியப்பனைக் கூப்பிட்டு, திரும்பி வரச் சொல்ல வேண்டுமா? முதல் நாளேவா? அதில்தான் உன் வேலை நிலைப்பது இருக்கிறதா. சரி, பயப்படாதே. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. எல்லாம் பக்கத்தில் இருக்கிறது. முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்களா, படித்தாயா? இரண்டு தடவையா? அப்புறம் என்ன சந்தேகம், அதில் எந்த வரி புரியவில்லை? கேள், நான் சொல்கிறேன். எழுதியவளே எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

என்ன?

அக்கா நம்பரா?

இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உனக்குக் கேட்கத் தோன்றியது அதுதானா. எதற்கு? அக்காவிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார், நான் எழுதியதைத்தானே சொல்வார். அவர் சொல்லித்தானே நான் எழுதினேன். வாயால் கேட்கிற பழக்கத்தோடு நீ அங்கே போனாய் என்றால் ஒரு வாரம்கூட...

சரி. எழுதிக்கொள். தொண்ணூற்று நாலு... இல்லை, ஃபோனைக் கொடு, நானே போடுகிறேன். ஃபிலோ அக்கா என்றே போட்டிருக்கிறேன். காலையில் கூப்பிடாதே, ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு. என் பெயரைச் சொல்லாதே. இல்லை, சொல். மணிமொழி கொடுத்தாள் என்று சொல். பட்டிமன்றம் கொடுத்தாள் என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

பெட்டியை அந்தப் பக்கம் பிடி, இறக்கிவிடலாம். ரெனிஷா, ஒரே ஒரு உதவி. அக்கா என்ன சொன்னார் என்று எனக்கு அன்றைக்கே எழுதி அனுப்பு. சென்னியப்பனைப் பற்றிச் சொன்னதை மட்டுமல்ல, என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் அதையும். திட்டினாலும் பரவாயில்லை. ஆனால் அவர் சொன்ன மாதிரியே எழுது. நல்ல தமிழில் மாற்றாதே, சுத்தம் பண்ணாதே, சுருக்காதே. சுருக்கினால் அது அக்காவாக இருக்காது.